செவலை உறங்கப் பழகிய நாற்பது இரவுகள்

மார்கழி பிறந்த இரண்டாம் நாள், கயத்தாறுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியப்பாவின் தோட்டத்திலிருந்து ஒரு பெண் நாய்க்குட்டியைப் பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தோம். தாய் நாட்டு நாய். தகப்பன் சிப்பிப்பாறைக் கலப்பு என்று பெரியப்பா சொல்வார். ஐப்பசி மழையில் மோட்டார் அறைக்குள் பிறந்த ஏழு குட்டிகளில் இது ஒன்றுதான் செம்மண் நிறத்தில் இருந்தது. அதனால் ‘செவலை’ என்ற பெயர் தோட்டத்திலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

கண் திறந்த சில நாட்களிலேயே குட்டியைத் தூக்கிக்கொண்டு போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். முப்பதாம் நாளே “வந்து எடுத்துட்டுப் போளா” என்று பெரியப்பா கூப்பிட்டார். எட்டு வாரம் முடியட்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். தாயோடும் உடன்பிறப்புகளோடும் புரண்டு விளையாடி, கடித்தும் கடிபட்டும்தான் ஒரு குட்டி தன் பல் மற்றவருக்கு எவ்வளவு வலிக்கும் என்பதைக் கற்றுக்கொள்கிறது. நாய் வளர்ப்பு, விற்பனை குறித்து மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகளும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்றே சொல்கின்றன. பெரியப்பா விற்கவில்லை, கொடுத்தார். ஆனாலும் அந்த எட்டு வாரக் கணக்கு குட்டியின் நன்மைக்காக வைத்தது என்பதால் அதை மதிக்க விரும்பினேன்.

இவ்வளவு கவனமாக இருந்த நான் முதல் இரவில் பெரிய தவறு ஒன்றைச் செய்தேன். கிளம்பும்போது பெரியப்பா சொன்னார்: “ராத்திரி கத்தும். கத்துச்சுன்னா போய்ப் பாக்காத. அழுதா அழட்டும் ளா, ரெண்டு ராத்திரி போனா தானா அடங்கிரும்.” நாய்களோடு அறுபது ஆண்டு வாழ்ந்தவர் சொல்கிறார். “சரி பெரியப்பா” என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றிரவு பத்து மணிக்குப் பின்கட்டு வராந்தாவில் கடையில் வாங்கிய புது மெத்தையை விரித்து, ஒரு கிண்ணத்தில் பால் வைத்து, செவலையை அதன் மேல் விட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஐந்து நிமிடம் முனகினாள். பிறகு கத்தத் தொடங்கினாள். பிறகு, கையளவே இருந்த அந்த உடம்பிலிருந்து வந்தது என்று நம்ப முடியாதபடி, கழுத்தை நீட்டி இழுக்கும் ஊளையாக அது மாறியது. நாய் ஊளையிடுவது வீட்டுக்கு ஆகாது என்று அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து முருகா முருகா என்றார்கள். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. பத்து வயது மகள் “அம்மா, ஒரே ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துரலாமே” என்று இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் நான் வேண்டாம் என்றேன். ஒரு மணிக்கு மேல் சத்தம் விட்டுவிட்டு வந்தது. அடங்குகிறது போலும் என்று எண்ணினேன். தொண்டை கட்டிப் போனதால்தான் சத்தம் குறைந்தது என்பது பிறகு தெரிந்தது.

விடிகாலை மூன்று மணிக்கு மேல், பொறுக்க முடியாமல் கதவைத் திறந்தேன். கதவை முழுதாகத் திறக்கவே முடியவில்லை. கதவுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த விரற்கடை இடுக்கில் மூக்கை நுழைத்தபடி அவள் படுத்திருந்தாள். உள்ளே எரிந்த விடிவிளக்கின் வெளிச்சமும் எங்கள் வாசனையும் அந்த ஓர் இடுக்கு வழியாகத்தான் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டும். மெத்தை நனைந்து கிடந்தது. பால் கொட்டி, அதில் மிதித்த கால்தடங்கள் வராந்தா முழுக்க இருந்தன. தூக்கியபோது உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. வயிறு மொசைக் தரையின் குளிர் ஏறிச் சில்லிட்டிருந்தது. என் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் முகத்தைத் திணித்துக்கொண்டு, அழுது ஓய்ந்த குழந்தைக்கு வருவது போல நாலைந்து முறை விம்மினாள். பிறகு அப்படியே தூங்கிப்போனாள். ஐந்து மணி நேரமாக நாங்கள் அவளுக்குத் தர மறுத்தது இந்த ஒரு நிமிடத்தைத்தான். விடியும்வரை நான் வராந்தாப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த அழுகையைப் பிடிவாதம் என்றும், இடம் கொடுத்தால் தலையில் ஏறிக்கொள்ளும் என்றும் நம் பக்கத்தில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். குட்டியின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கே வேறு. நாய்க்குட்டி கண்ணும் காதும் மூடிப் பிறக்கிறது. கண் திறக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். காது அதற்கும் சற்றுப் பின்னால் திறக்கும். முதல் சில வாரங்களில் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கவும் அதற்கு இயலாது. தாயின் மடியும் உடன்பிறப்புகளின் குவியலும்தான் அதற்குப் போர்வை. அந்தக் குவியலிலிருந்து உருண்டு விலகிப்போன குட்டி கத்தினால்தான் தாய் திரும்பிப் பார்க்கும். கத்தாத குட்டி குளிரில் செத்துப் போகும். ஆகவே தனித்து விடப்பட்டால் கத்துவது என்பது அதன் உயிரோடு கூடப் பிறந்த பழக்கம். செவலை பிறந்த நாள் முதல் ஓர் இரவுகூடத் தனியாகத் தூங்கியதில்லை. ஆறு உடம்புகளுக்கு நடுவே தூங்கியவளை ஒரே நாளில் தாய், கூட்டம், மண் வாசனை, மோட்டார் அறையின் இருட்டு எல்லாவற்றையும் பறித்து, புது மெத்தையின் நாற்றத்தோடு ஒரு கதவுக்குப் பின்னால் அடைத்தோம். அவள் கத்தாமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

1977-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைப் பிற்பாடு படித்தேன். தனியே விடப்பட்ட நாய்க்குட்டிகளின் அழுகையை எது குறைக்கிறது என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். உணவு வைத்ததால் பயன் இல்லை. மென்மையான துணி ஓரளவு அமைதி தந்தது. மனிதர் ஒருவர் உடன் இருந்ததே எல்லாவற்றிலும் அதிகம் உதவியது. நான் வராந்தாவில் வைத்த பால் கிண்ணம் ஏன் தொடப்படாமல் கவிழ்ந்து கிடந்தது என்பது அப்போது விளங்கியது.

மறுநாள் காலை என் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு கயத்தாறு வரை போய், தாய் நாய் படுத்திருந்த சாக்கைக் கேட்டு வாங்கி வந்தார். துவைக்காத, மண்ணும் முடியும் ஒட்டிய பழைய உரச்சாக்கு. அம்மாவுக்கு அதை வீட்டுக்குள் கொண்டுவருவதில் ஒப்புதல் இல்லை. ஆனால் அதைக் கீழே வைத்த உடனே செவலை ஓடிப்போய் அதன்மேல் மூக்கை வைத்து நெடுநேரம் நின்றதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்கள். சற்று நேரத்தில் தம்முடைய பழைய நூல் சேலை ஒன்றோடு திரும்பி வந்தார்கள். “புதுத்துணி உடம்புல குத்தும். நீங்க எல்லாரும் பழஞ்சேலைத் தொட்டில்லதான் கெடந்தீங்க” என்று சொல்லி, நாலாக மடித்துச் சாக்கின் மேல் விரித்தார்கள். முந்தைய இரவின் ஊளைக்கு அஞ்சியவர்கள் அவர்கள்தான்.

டேபிள் ஃபேன் வந்த அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் வாசல்போல வெட்டிக்கொண்டோம். பெட்டியின் அளவு முக்கியம். குட்டி எழுந்து நிற்கவும், ஒரு சுற்றுச் சுற்றிப் படுக்கவும், காலை நீட்டவும் இடம் வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். படுக்கிற இடத்தை அசுத்தம் செய்வதற்கு நாய்க்கு இயல்பாகவே மனம் வராது. இடம் மிகப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையைப் படுக்கையாகவும் மறு மூலையைக் கழிப்பிடமாகவும் வைத்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் அவள் அட்டையின் விளிம்பைக் கடித்துத் துகளாக்கிவிட்டதால் பிறகு கம்பிக்கூண்டு வாங்கினோம். கூண்டு வந்ததும் அதில் போட்டு அடைத்துவிடவில்லை. கதவைத் திறந்தே வைத்து, சாக்கையும் சேலையையும் உள்ளே போட்டு, நான்கு நாள் சாப்பாட்டை அதற்குள் வைத்தே கொடுத்தோம். அவளாக உள்ளே போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகுதான் கதவைச் சாத்தினோம். கோபம் வந்தபோது கூண்டுக்குள் தள்ளுவது என்ற வேலையை வீட்டில் யாரும் செய்யக் கூடாது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொண்டோம்.

இரண்டாம் இரவு. பெட்டியை ஹாலில், எங்கள் படுக்கையறைக் கதவிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, அதன் அருகிலேயே நான் பாயை விரித்தேன். விளக்கை அணைத்ததும் முனகல் தொடங்கியது. நான் பேசவில்லை, தூக்கவும் இல்லை. கையை மட்டும் பெட்டிக்குள் விட்டேன். இருட்டில் ஈரமூக்கு ஒன்று என் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்து எண்ணுவது போலப் போயிற்று. பிறகு உள்ளங்கையில் தாடையை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள். பத்து நிமிடத்தில் மூச்சு சீராயிற்று. நான் கையை எடுக்க அஞ்சி, மரத்துப் போகும்வரை அப்படியே வைத்திருந்தேன். நள்ளிரவில் கால்கள் ஓடுவது போல உதறின, வாய் திறக்காமலே சின்னச் சின்னக் குரைப்புகள் வந்தன. மறுநாள் அதைப் பார்த்த மகள் வலிப்போ என்று பயந்துவிட்டாள். கனவு காணும் தூக்கத்தில் குட்டிகளுக்கு இப்படி உதறுவது இயல்பு. அப்போது தொட்டு எழுப்பாமல் விட்டுவிட வேண்டும்.

அருகில் படுத்ததால் எனக்குக் கிடைத்த இன்னொரு பயன், அவள் குரலின் வகைகள் பிடிபட்டன. தூக்கம் பிடிக்கும் முன் வரும் முனகல் ஒன்று உண்டு. தாழ்ந்து, இறங்கிக்கொண்டே போகும். அதற்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, கையைக் கொடுத்தால் போதும், சில நாளில் அதுவும் வேண்டியிருக்காது. தூங்கிக்கொண்டிருந்தவள் திடீரென எழுந்து, பெட்டியின் அடியைச் சுரண்டி, குறுக்கும் நெடுக்குமாக அசைந்துகொண்டு குறுகிய குரலில் இழுப்பது வேறு. அது சிறுநீர் வந்துவிட்டது என்று பொருள். கூடவே மூக்கைத் தரையோடு வைத்துச் சுற்றத் தொடங்கினால் அரை நிமிடம்கூட இல்லை. மூன்றாவது, பயத்தில் வரும் குரல். தெருநாய்கள் மொத்தமாகக் குரைத்தபோதும், ஒருநாள் அடுக்களையில் பாத்திரம் சரிந்தபோதும் அது வந்தது. முதல் இரவில் இந்த மூன்றும் கலந்துதான் வந்திருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த எனக்கு எல்லாம் ஒரே கத்தலாகத்தான் கேட்டது.

எட்டு வாரக் குட்டியால் பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. தூங்கும்போது சற்று அதிகம் தாங்கும். வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணி நேரம் என்று ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள். செவலைக்கு அது ஏறக்குறைய சரியாகவே இருந்தது. ஆகவே அவள் அழுது எழுப்பும்வரை காத்திராமல், பதினொன்றரை, இரண்டு, நாலரை என்று நானே அலாரம் வைத்து எழுந்து தூக்கிப் போனேன். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. குட்டி அழுத பிறகுதான் ஒவ்வொரு முறையும் கூண்டு திறக்கும் என்றால் அழுகையே சாவி என்று அது கற்றுக்கொள்ளும். அழுவதற்கு ஒரு கால்மணி முன்பே திறந்துவிட்டால் அந்தப் பாடத்துக்கே இடமில்லை. சில நாட்களுக்கு ஒருமுறை அலாரத்தைக் கால்மணி, கால்மணியாகத் தள்ளி வைத்தேன். முதலில் பதினொன்றரையும் இரண்டும் சேர்ந்து ஒன்றாயின. பிறகு ஒன்று மட்டும் மிஞ்சியது.

வெளியே தூக்கிப்போகும் நேரத்தை இயன்ற அளவு சுவையற்றதாக வைத்திருக்க வேண்டும். ஹால் விளக்கைப் போடக் கூடாது. சின்ன டார்ச் போதும். பேச்சு இல்லை, கொஞ்சல் இல்லை, விளையாட்டு இல்லை. கொல்லையில் வேப்பமரத்தடியில் எப்போதும் ஒரே இடத்தில் இறக்கி விடுவேன். “இருந்துட்டு வா” என்று ஒரே சொல்லைச் சொல்வேன். முடித்ததும் மெதுவாக ஒரு தட்டு, உடனே கூண்டு. இரண்டு நிமிடத்தில் திரும்பிவிட்டால் அவள் கண்ணில் தூக்கம் கலையாமலே இருக்கும். ஒருநாள் என் கணவர் இரக்கப்பட்டுக் கொல்லையில் நாலு ஓட்டம் ஓட விட்டார். அன்றைக்கு மூன்றரைவரை வீட்டில் யாரும் தூங்கவில்லை.

தெருவுக்கு மட்டும் கொண்டுபோகவே இல்லை. தடுப்பூசி வரிசை முடியாத குட்டிக்குத் தெருமண் ஆபத்து. குட்டிகளுக்குக் கடுமையான கழிச்சலை உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் கிடக்கும். நோயுற்ற நாய் எப்போதோ கழித்த இடத்தை மோந்தாலே போதும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை கூட்டுத் தடுப்பூசிகள் தொடர வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதம் நிறைந்ததும் போட வேண்டும். எங்களுக்கு ராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம் என்பதால் அங்கே போட்டோம். ஊசி போட்ட அன்றிரவு லேசான உடல்வலியில் சிணுங்கினாள். அன்று மட்டும் பாயைத் திரும்பவும் கூண்டை ஒட்டிப் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்குள் தப்பித்தவறிக் கழித்துவிட்டால் அதட்டுவதால் ஒரு நன்மையும் இல்லை. மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கும் பழக்கம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது, அது கொடுமை. அதிலிருந்து குட்டி கற்பதெல்லாம் நம் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போய்க் கழிக்க வேண்டும் என்பதுதான். ஃபினாயில் போட்டுத் துடைத்தால் நமக்கு வாசனை போய்விடும், அதற்குப் போகாது. அந்தத் தரையில் நடந்து பாதத்தை நக்குவதும் நல்லதில்லை. நான் தண்ணீரில் வினிகர் கலந்து துடைத்தேன்.

இப்படிப் பக்கத்தில் படுத்துப் பழக்கினால் பிறகு எப்போதும் ஆள் வேண்டும் என்று ஆகிவிடாதா என்று வீட்டுக்கு வந்த எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு நான் கண்ட வழி எங்கள் ஹாலின் டைல்ஸ். இரண்டடிக்கு இரண்டடி சதுரங்கள். முதல் ஐந்து இரவுகள் பாய் பெட்டியை ஒட்டியே இருந்தது. ஆறாம் இரவு ஒரு டைல்ஸ் தள்ளிப் போட்டேன். கை எட்டும், ஆனால் நீட்ட வேண்டும். இரண்டு இரவு கழித்து இன்னும் ஒன்று. இப்போது கை எட்டாது, என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அவள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தால் மறுநாள் தள்ளலாம் என்று பொருள். எழுந்து நின்றால் அங்கேயே இன்னும் ஓர் இரவு. இடையில் ஒருமுறை, முதுகுவலி தாளாமல், ஒரேயடியாக நான்கு டைல்ஸ் தாண்டிப் படுக்கையறை வாசலுக்குப் போய்விட்டேன். பழைய ஊளை திரும்பி வந்தது. பழைய இடத்துக்குத் திரும்பி, அங்கிருந்து மறுபடி ஒவ்வொன்றாகத் தள்ளிச் சென்று, இருபத்தைந்தாம் இரவில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என் கட்டிலில் படுத்தேன். அவள் பயந்து கத்தக் காரணமே இல்லாதபடி ஒவ்வோர் அடியையும் வைத்தால், அருகில் இருப்பது குட்டியைக் கெடுக்காது. விலகுவதற்கான துணிவையே அது தருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே சமயம் பகலில் சின்னச் சின்னப் பிரிவுகளையும் பழக்கினோம். விழித்திருக்கும் நேரத்தில் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்தி, அவள் குரல் கொடுக்கும் முன்பே வெளியே வருவது. மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டுவிட்டு வருவது. வாசல்வரை போய்த் திரும்புவது. போகும்போதும் வரும்போதும் ஆரவாரம் இல்லை. போனவர் திரும்பி வருவார் என்பது பகல் வெளிச்சத்தில் நூறு முறை மெய்யான பிறகு இருட்டில் அதை நம்புவது அவளுக்கு எளிதாயிற்று.

இரவுத் தூக்கம் கெடுவதற்குப் பகலில் போதிய தூக்கம் இல்லாததும் ஒரு காரணம் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை. பகலில் தூங்கினால் இரவில் விழிக்கும் என்று எண்ணி முதல் வாரம் அவளை விளையாட்டுக் காட்டி விழிக்க வைத்துக்கொண்டிருந்தேன். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் பதினெட்டு முதல் இருபது மணி நேரம்வரை தூங்க வேண்டும். ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அடுத்த இரண்டு மணி நேரம் தூங்க வேண்டும் என்ற அளவில்தான் அதன் நாள் ஓடும். தூங்க வேண்டிய நேரம் தாண்டிப்போன குட்டி களைத்துப் படுக்காது; கண் சிவந்து, வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடி, பாவாடை நுனியையும் கணுக்காலையும் கடிக்கும். பொங்கலன்று அதை முழுமையாகக் கண்டோம். வீடு நிறைய உறவினர். குழந்தைகள் காலை முதல் அவளைக் கைமாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் மடியிலிருந்து இறங்குவதற்குள் இன்னொருவர் தூக்கினார். அன்று அவள் கூண்டுக்குப் போனதே இல்லை. இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கிய கத்தலும் கடியும் பன்னிரண்டுவரை நிற்கவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூண்டை மாடியறைக்கு எடுத்துப்போய் இரண்டு மணிக்கு ஒருமுறை அவளை உறங்க வைத்திருக்க வேண்டியது என் பொறுப்பு. மாட்டுப் பொங்கலன்று அப்படியே செய்தேன். உறவினர் அதே அளவு இருந்தும் அன்று பத்து மணிக்கே தூங்கினாள்.

வயிறு கெட்டால் எந்த முறையும் பலிக்காது. பசும்பாலை நிறுத்திய மறுநாளே பேதி நின்றது. தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிப்பதில்லை. பூச்சிமருந்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று மாதம்வரை கொடுத்தோம். சாப்பாட்டை நாலு வேளையாகப் பிரித்து, கடைசி வேளையை ஏழு மணிக்கு முடித்தோம். தண்ணீரை ஒன்பது மணிக்கு மேல் எடுத்து வைத்தேன். கோடை வெயிலில் என்றால் அதைச் செய்திருக்க மாட்டேன். உண்ணி இருக்கிறதா என்று காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் நாள்தோறும் பார்த்தோம். கொசுவர்த்திப் புகைக்குப் பதிலாகக் கூண்டின் மேல் மகளின் பழைய குழந்தைக் கொசுவலையைப் போட்டோம்.

அமைதியாக இருக்கும் குட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புது வீட்டில் சத்தமே போடாமல் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பதை நல்ல குட்டி என்று நாம் மெச்சுவதுண்டு. அது பயத்தில் உறைந்திருக்கக் கூடும். சாப்பிட மறுப்பது, வாந்தி, இரத்தம் கலந்த கழிச்சல், கூப்பிட்டாலும் தலை தூக்காத சோர்வு இவற்றில் எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பார்வோ போன்ற நோயில் ஒரு சிறு குட்டி சில மணி நேரத்திலேயே நீர்வற்றிப் போகும்.

இருபதாம் நாளுக்கு மேல் எங்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே தொல்லை அதிகாலைதான். மார்கழி என்பதால் நாலரைக்கே கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கிவிடும். அதோடு எழுந்து உட்கார்ந்துகொள்வாள். அந்த நேரத்துக் குரலை அதிகாலைச் சிறுநீராகவே எடுத்துக்கொண்டு, வெளியே கொண்டுபோய்த் திரும்பக் கூண்டில் விட்டு, சாப்பாட்டுத் தட்டை ஆறு மணிக்கு முன்பு எடுக்கவே கூடாது என்று வைத்துக்கொண்டோம். விழித்தவுடன் தட்டு வந்தால் அடுத்த நாள் அதற்கு அரைமணி முன்பே விழிப்பு வரும். தை பிறந்து ஒலிபெருக்கி நின்றது. ஒன்றரை மணி அலாரம் இரண்டரைக்குப் போயிற்று, மூன்றரைக்குப் போயிற்று. முப்பத்தெட்டாம் இரவு அதை அணைத்துவிட்டேன். நாலே முக்காலுக்கு அவளே ஒரு குரல் கொடுத்தாள். மறுநாள் ஐந்தேகாலுக்கு.

நாற்பதாம் இரவு பத்தரைக்குப் படுத்தவள் குரலே கொடுக்கவில்லை. விழித்துப் பார்த்தபோது சன்னலில் வெளிச்சம். மணி ஆறரை. பதறி எழுந்து ஹாலுக்கு ஓடினேன். கூண்டு திறந்திருந்தது, சேலை ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது, அவளைக் காணோம். வாசலில் அம்மா குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டைச் சாத்திக்கொண்டு, வேப்பமரத்தடிக்கும் கூட்டிப் போய்விட்டு வந்ததாகத் திரும்பிப் பாராமலே சொன்னார்கள். செவலை கோலப்பொடிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், படியின் மேல், முன்காலில் தாடையை வைத்து மறுபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.